சம்பளம் உயரும்போது நகராண்மைக் கழகம் எங்கே கை வைக்க வேண்டும்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் நகராண்மைக் கழகத்தின் வரவு செலவுத் திட்டம் பேச்சுக்கு வருவது பெரும்பாலும், சொத்து உரிமையாளர் கட்டும் மதிப்பீட்டு வரிக்கான சீட்டு வீட்டுக்கு வரும் காலத்தில்தான். தொகை ஏறியிருந்தால் கோபப்படுகிறோம், ஏறாவிட்டால் நிம்மதி அடைகிறோம். அந்தத் தொகை எந்தெந்த முடிவுகளால் உருவானது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. அரசு ஊழியர் சம்பள உயர்வின் இரண்டாம் கட்டம் 2026 ஜனவரி 1-இல் தொடங்கிவிட்ட நிலையில், நம் ஊரையும் உள்ளடக்கிய கோலகங்சார் நகராண்மைக் கழகத்தைப் போன்ற சிறிய ஊராட்சி மன்றங்கள் அனைத்தின் முன்னும் ஒரே கேள்வி நிற்கிறது: கூடுதல் சம்பளத்துக்கான பணம் எங்கிருந்து வர வேண்டும்? வரி விழுக்காட்டை உயர்த்தலாம், சொத்துகளைப் புதிதாக மதிப்பிடலாம், நிலுவையை வசூலிக்கலாம், துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விட்டுச் செலவைக் குறைக்கலாம், உரிமக் கட்டணங்களைக் கூட்டலாம். இவற்றுள் எந்த வழி யார் மீது சுமையை ஏற்றுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது, தோட்டத்தை விட்டு வந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் முதன்முறையாகச் சொந்த வீடு வாங்கிய குடும்பங்கள் நிறைந்த நம் ஊருக்கு மிகவும் தேவையான வேலை.

முதலில் சம்பளம். 2024 ஆகஸ்ட் 16-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த புதிய பொதுச்சேவை ஊதிய முறை இரண்டு கட்டங்களாக வந்தது. 2024 டிசம்பர் 1-இல் தொடங்கிய முதற்கட்டத்தில் செயலாக்கப் பிரிவினருக்கும் நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினருக்கும் 8 விழுக்காடும், உயர்மட்ட நிர்வாகத்தினருக்கு 4 விழுக்காடும் உயர்வு கிடைத்தது. இரண்டாம் கட்டத்தில் அது முறையே 7 விழுக்காடு, 3 விழுக்காடு. படிகளையும் சேர்த்து ஓர் அரசு ஊழியரின் குறைந்தபட்சத் தொடக்க வருமானம் 1,795 ரிங்கிட்டிலிருந்து 2,000 ரிங்கிட்டாயிற்று. கூட்டரசு ஊழியர்களுக்கான செலவைக் கூட்டரசுக் கருவூலம் ஏற்கிறது. ஊராட்சி மன்றத்தின் நிலை வேறு. மன்றம் புதிய முறையை ஏற்றுக்கொண்டால், அதற்கான செலவை மன்றத்தின் சொந்த நிதியே தாங்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு செலவும் உண்டு. ஓய்வூதியத் தகுதி பெற்ற ஊழியர் ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டை ஊராட்சி மன்றம் குவாப் எனப்படும் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்துகிறது. ஆகவே அடிப்படைச் சம்பளத்தில் 100 ரிங்கிட் கூடினால் மன்றத்தின் செலவு 117 ரிங்கிட் 50 சென் கூடுகிறது. ஒரு கணக்குக்காக, ஒரு மன்றத்தில் இத்தகைய ஊழியர் 200 பேர் இருப்பதாகவும், சராசரியாக ஒருவருக்கு மாதம் 250 ரிங்கிட் கூடுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சம்பளத்தில் 6 லட்சம் ரிங்கிட், ஓய்வூதியப் பங்களிப்பில் 1 லட்சத்து 5 ஆயிரம், ஆக மொத்தம் 7 லட்சத்து 5 ஆயிரம் ரிங்கிட். தனியாகக் கேட்டால் பெரிய தொகையாகத் தோன்றும். மன்ற எல்லைக்குள் வரி கட்டும் சொத்துகள் 15,000 இருந்தால், சொத்து ஒன்றுக்கு ஆண்டுக்கு 47 ரிங்கிட், அதாவது மாதத்துக்கு 4 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஊழியர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. குப்பை லாரியின் பின்னால் நின்று வேலை செய்பவர்களில் பலர் நம் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைத்த உயர்வு தாமதமாக வந்த உயர்வு என்பதே என் கருத்து. அதைத் தர வேண்டுமா என்ற கேள்வியை நான் இங்கே எழுப்பவில்லை, எப்படித் தருவது என்பதையே பார்க்கிறேன்.

பேராக்கில் இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தபோது ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களும் கோலாலம்பூர், புத்ராஜெயாவும் அதன் கீழ் வந்தன. அங்கே குப்பை அள்ளும் வேலை கூட்டரசு ஏற்பாட்டில் சலுகை பெற்ற நிறுவனங்களிடம் சென்றது. பேராக் அச்சட்டத்தை ஏற்கவில்லை. எனவே நெகிரி செம்பிலானின் பகாவிலோ கெடாவின் கூலிமிலோ உள்ள மன்றத்தைப் போலன்றி, நம் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் லாரி, டீசல், ஆள் என்று துப்புரவின் முழுச் செலவும் நேரடியாக இடம்பெறுகிறது. இதனால் கெடுதல் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். செலவு நம் மன்றத்தின் கையில் இருப்பதால், கேள்வியையும் நம் மன்றத்திடமே கேட்க முடிகிறது.

இனி வழிகள். மன்றத்துக்கு மிக எளியது வரி விழுக்காட்டை உயர்த்துவது. 'சுக்காய் பிந்து' என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரி, பேராக்கில் சொத்தின் ஆண்டு வாடகை மதிப்பின் மீது விதிக்கப்படுகிறது. ஜொகூரைப் போல் சொத்தின் மேம்பட்ட மதிப்பின் (விற்றால் கிடைக்கும் விலையின்) மீது அல்ல. ஒரு சொத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிட்ட தொகையே ஆண்டு வாடகை மதிப்பு. வீட்டில் உரிமையாளரே குடியிருந்தாலும் கணக்கு இதுதான். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு, மாநில அரசின் அங்கீகாரத்தோடு வரி விதிக்கும் அதிகாரத்தை மன்றத்துக்கு அளிக்கிறது; 130-ஆம் பிரிவு, அந்த விழுக்காடு ஆண்டு வாடகை மதிப்பில் 35-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நடைமுறையில் விதிக்கப்படும் விழுக்காடுகள் இந்த உச்சத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், உயர்த்துவதற்குச் சட்டம் பெரிய தடையாக இருப்பதில்லை. ஒரு தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் போதும்.

இந்த எளிமையே எனக்குக் கவலை தருகிறது. பழைய மதிப்பீட்டுப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு விழுக்காட்டை மட்டும் உயர்த்தினால், பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுகளும் அதே அளவில் பெருகும். கணக்காகவே பார்ப்போம். பழைய பட்டியலில் மாதம் 200 ரிங்கிட் வாடகை என்று மதிப்பிடப்பட்ட மலிவு விலை வீடுகள் 10, மாதம் 600 ரிங்கிட் என்று மதிப்பிடப்பட்ட கடைகள் 2 இருப்பதாகக் கொள்வோம். வீட்டின் ஆண்டு மதிப்பு 2,400, கடையின் ஆண்டு மதிப்பு 7,200, மொத்தம் 38,400. வரி 8 விழுக்காடு என்றால் வீடு 192 ரிங்கிட்டும் கடை 576 ரிங்கிட்டும் கட்டுகின்றன. மன்றத்துக்கு 3,072 ரிங்கிட் கிடைக்கிறது. விழுக்காட்டை 10 ஆக்கினால் வீடு 240, கடை 720, மன்றத்துக்கு 3,840. இப்போது அதே 3,840 ரிங்கிட்டைப் புதிய பட்டியலின் மூலம் திரட்டிப் பார்ப்போம். இன்றைய வாடகை வீட்டுக்கு 400, கடைக்கு 2,400 என்று வைத்தால் மொத்த ஆண்டு மதிப்பு 1,05,600 ஆகிறது. அதே வரவைப் பெற 3.64 விழுக்காடு போதும். வீட்டின் வரி சுமார் 175 ரிங்கிட், கடையின் வரி சுமார் 1,047 ரிங்கிட். மன்றத்துக்கு வரவு ஒரே அளவு. ஆனால் முதல் வழியில் 48 ரிங்கிட் கூடுதலாகக் கட்ட வேண்டிய வீடு, இரண்டாம் வழியில் 17 ரிங்கிட் குறைவாகக் கட்டுகிறது.

இந்தக் கணக்கை நான் வீட்டுக்குச் சாதகமாக அமைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. கடை வாடகை நான்கு மடங்காகவும் வீட்டு வாடகை இரண்டு மடங்காகவும் ஏறியதாக எடுத்துக்கொண்டதால்தான் இந்த விடை வந்தது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே செல்லும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையின் ஓரத்தில் வளர்ந்த ஊர் நம்முடையது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வந்த பின் தொலைதூரப் போக்குவரத்தின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்ட நிலையில், பழைய கடைவரிசைகள் எல்லாவற்றிலும் வாடகை ஒரே வேகத்தில் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு தாமானில் வீட்டு வாடகை கடை வாடகையை விட வேகமாக ஏறியிருந்தால், அங்கே உள்ளவர்களின் வரி புதிய பட்டியலில் கூடத்தான் செய்யும். மேலும், மன்றங்கள் பொதுவாகக் குடியிருப்புக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று என்று விழுக்காட்டைப் பிரித்து வைக்கின்றன. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் யார் கூடுதலாகக் கட்டுவார், யார் குறைவாகக் கட்டுவார் என்பது இன்றைய வாடகையைப் பார்த்து முடிவாகிறது, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ குறித்து வைத்த வாடகையைப் பார்த்து அல்ல என்பதே இந்த வழியின் அடிப்படை நியாயம்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 137-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்துக்குள், புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். விதிவிலக்காக இருக்க வேண்டிய நீட்டிப்பு நாட்டின் பல மன்றங்களில் வழக்கமாகிவிட்டது. மக்கள் கோபத்துக்கு அஞ்சிப் பட்டியலைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட இடைவெளி பெரிதாகிறது. ஒருநாள் புதிய பட்டியல் வரும்போது உயர்வு ஒரே அடியாக விழுந்து, அஞ்சிய கோபமே வந்து சேர்கிறது. கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2014-இல் புதிய மதிப்பீடு வந்தபோது இதுவே நடந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுத்துவழி ஆட்சேபம் தெரிவித்தார்கள். கடைசியில் மாநகர் மன்றம் குடியிருப்புக்கான விழுக்காட்டை 6-இலிருந்து 4-க்கும் வணிகத்துக்கானதை 12-இலிருந்து 10-க்கும் இறக்கியது. சிலாங்கூரில் 2025-இல் மதிப்பீடு திருத்தப்பட்டபோது, உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசு முன்கூட்டியே வரம்பு கட்டியது. இரண்டையும் ஒப்பிட்டால், வரம்பை முன்னதாக அறிவிப்பது மக்களின் பதற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு வைத்தால், நெடுங்காலமாக மிகக் குறைவாகக் கட்டி வந்த பெரிய சொத்துகளுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. வரம்பு குடியிருப்பு வீட்டுக்கு மட்டும் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

நிலுவை வசூல், கேட்பதற்கு மிக நியாயமான வழி. கட்ட வேண்டியவர் கட்டினாலே போதும், கட்டுகிறவர் மீது ஏன் மேலும் ஏற்ற வேண்டும் என்று கேட்கும்போது அதற்கு மறுப்பு இல்லை. சட்டப்படி வரி அரையாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். தவறினால் அறிவிப்பும், அதன்பின் 148-ஆம் பிரிவின் கீழ் அசையும் பொருள்களைக் கைப்பற்றும் ஆணையும் வரலாம். நிலுவையை முனைந்து வசூலிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சம்பள உயர்வுக்கு இது விடையாகாது. நிலுவை ஒருமுறை வசூலானால் முடிந்துபோகும் பணம். சம்பளமோ ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியது. ஒருமுறைப் பணத்தைக் கொண்டு தொடர்செலவைச் சமாளிக்கும் மன்றம் மூன்றாம் ஆண்டில் மீண்டும் பற்றாக்குறையில் நிற்கும். இந்த வேறுபாட்டை நம் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை: நம் ஊரைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகத் தொடர்ந்து சேர்த்த பணமே தோட்டங்களை வாங்கும் வலிமையைத் தந்தது. நிலுவையில் வரும் பணத்தைப் புதிய குப்பை லாரி, வடிகால் சீரமைப்பு போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு ஒதுக்குவதே பொருத்தம்.

நிலுவைப் பட்டியலில் இருப்பவர் எல்லாரையும் ஏமாற்றுக்காரர் என்று எண்ணுவதும் தவறு. தாமானில் வீடு வாங்கிய முதல் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. வீட்டுப் பட்டா அப்பா பெயரிலேயே இருக்கும். பிள்ளைகள் ஒருவர் ஈப்போவிலும் ஒருவர் கிள்ளானிலும் இருப்பார்கள். நில அலுவலகத்தில் வாரிசு விண்ணப்பத்தை யார் போடுவது என்று முடிவாகாமலே பல ஆண்டுகள் ஓடிவிடும். வரிச்சீட்டு பூட்டிய வீட்டுக்கு வந்து மழையில் நனைகிறது. சொத்து கைமாறினால் மூன்று மாதத்துக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 160-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு கடமை இருப்பதை அறிந்தவர் நம்மிடையே குறைவு. கைப்பற்றும் ஆணையோடு வருவதற்கு முன், மன்றம் நில அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு நாள் நம் ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து பெயர் மாற்றத்துக்கு வழிகாட்டினால், வசூலும் கூடும், குடும்பத்துக்கும் நன்மை.

அடுத்து, வரவைக் கூட்டாமல் செலவைக் குறைக்கும் வழி: ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டு, குப்பை அள்ளுதல், வடிகால் கூட்டுதல், புல் வெட்டுதல் ஆகியவற்றைக் குத்தகைக்கு விடுவது. கணக்குப் புத்தகத்தில் இது கவர்ச்சியாகவே தெரியும். மன்ற ஊழியருக்கு 2,000 ரிங்கிட்டிலிருந்து தொடக்க வருமானம், ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவம், விடுப்பு. குத்தகையாளரின் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டும் ஊழியர் சேமநிதியும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கொடுத்தால் சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த 1,700-உம் நிலையாக நிற்பதில்லை. 2013-இல் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 1,700 ஆகவும் ஆயிற்று. கடைசி ஏற்றம் மட்டும் 13 விழுக்காட்டுக்கு மேல். அடுத்த குத்தகை ஏலத்தில் குத்தகையாளர் அதைத் தம் விலையில் சேர்ப்பார், அதற்கு மேல் தம் இலாபத்தையும் சேர்ப்பார். எனவே மிச்சம் என்று தெரிவது முதல் குத்தகைக் காலத்தின் மிச்சமே.

மிஞ்சும் பணம் எங்கிருந்து மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குத்தகையாளர் மாறும்போதெல்லாம் தொழிலாளி புதியவராகிறார். பத்தாண்டு வேலை செய்தவரும் தொடக்கச் சம்பளத்திலேயே நிற்கிறார். ஆண்டு விடுப்பும் பணிக்காலப் பலன்களும் முதலிலிருந்து எண்ணப்படுகின்றன. தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளர்களின் வேலை குத்தகை ஆட்களிடம் போனதை நம் குடும்பங்கள் நேரில் பார்த்தவை. பால்மரம் வெட்டிய இடத்திலும் செம்பனைக் குலை அறுத்த இடத்திலும் வந்த அதே ஏற்பாடு, நகரத்தில் துடைப்பம் பிடிக்கும் வேலைக்கும் வருவதை வெறும் சிக்கனமாக என்னால் ஏற்க முடியவில்லை. வரியில் மாதம் மூன்று, நான்கு ரிங்கிட்டை மிச்சம் பிடிப்பதற்காக நம் ஊர்த் தொழிலாளியின் முதுமையை விலையாகக் கொடுக்கிறோம். இந்த வழியை நான் கடைசி இடத்தில் அல்ல, பட்டியலுக்கு வெளியே வைப்பேன். ஏற்கெனவே குத்தகைக்குப் போய்விட்ட வேலைகளுக்கு, குத்தகையாளர் மாறினாலும் பழைய தொழிலாளியை அவருடைய பணிக்காலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை ஏல ஆவணத்திலேயே எழுதுவது, மன்றம் இன்றைக்கே செய்யக்கூடியது.

உரிமக் கட்டணம், வாகன நிறுத்துமிடக் கட்டணம், சந்தைக் கடை வாடகை ஆகியவற்றை உயர்த்துவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவுச் சந்தையில் வடையும் பலகாரமும் விற்கிறவரிடமிருந்து சம்பள உயர்வுக்குத் தேவையான அளவு பணம் வராது. வருத்தம் மட்டும் வரும். கடன் வாங்க மாநில அரசின் ஒப்புதலோடு மன்றத்துக்கு அதிகாரம் உண்டென்றாலும், கடன் கட்டடத்துக்கு ஆகும், சம்பளத்துக்கு ஆகாது. மானியங்களில் மூன்றை நினைவில் வைக்கலாம்: 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் ஆண்டுச் சமனாக்க மானியம், மாரிஸ் எனப்படும் சாலைப் பதிவேட்டின் கணக்கின்படி சாலைப் பராமரிப்புக்கு வரும் பணம், அரசாங்கக் கட்டடங்களுக்கு வரிக்குப் பதிலாகக் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 156-ஆம் விதி குறிப்பிடும் பங்களிப்பு. சாலைக் குழிக்கு வரும் பணம் வேறு, குப்பைக்கு வரும் பணம் வேறு என்பதை அறிந்தால், 'வரி வாங்குகிறார்கள், சாலை போடவில்லை' என்ற புகாரை எந்தக் கணக்கின் மீது வைக்க வேண்டும் என்பது தெளிவாகும். மூன்றும் பயனுள்ளவைதாம், ஆனால் தொகையைத் தீர்மானிப்பது மன்றம் அல்ல.

தோட்டத்தின் எல்லை பற்றியும் பேசியாக வேண்டும். லயம் எனப்படும் தோட்ட வீட்டு வரிசையில் இருக்கும் குடும்பத்துக்குக் குடிநீர், மின்சாரம், வீட்டுப் பழுது ஆகியவை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டத்தின்படி முதலாளியின் பொறுப்பு. தோட்டம் தனியார் நிலம் என்பதால் மன்றத்தின் லாரி பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகிறது. அதே குடும்பம் தாமானுக்கு வந்ததும் ஒரே நாளில் வரி கட்டும் உரிமையாளராகிவிடுகிறது; வருமானமோ சேமநிதியில் மிஞ்சிய சொற்பமும் பிள்ளைகள் அனுப்புவதும்தான். மேம்பாட்டுக்கு மாற்றப்படும் தோட்ட நிலத்தின் மதிப்பு ஏறும்போது அந்த ஏற்றம் பட்டியலில் உடனுக்குடன் பதிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பழைய பட்டியல் நீடிக்கும் வரை, மதிப்பு ஏறிய நிலம் பயனடைகிறது, மதிப்பு ஏறாத மலிவு வீடு அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது. புதிய மதிப்பீட்டால் மலிவு விலை வீட்டுக்கு உயர்வு வருமானால், அதைக் குறைக்கவோ விலக்கவோ மாநில அரசுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது; ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி தாமே குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு அந்தக் குறைப்பைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆகவே என் தேர்வு இது: புதிய மதிப்பீட்டுப் பட்டியல், அதோடு சேர்த்தே அறிவிக்கப்படும் குறைந்த விழுக்காடு, குடியிருப்பு வீட்டுக்கு மட்டும் உயர்வு வரம்பு, இவை சம்பளத்துக்கு. நிலுவை வசூல், லாரிக்கும் வடிகாலுக்கும். விழுக்காட்டை மட்டும் உயர்த்தும் வழியை, புதிய பட்டியல் தயாராகும் வரையிலான ஓராண்டு இடைவெளிக்கு, காலவரையறையோடு, ஏற்றுக்கொள்ளலாம். புதிய பட்டியலுக்கும் செலவு உண்டு என்பதை மறக்கவில்லை; ஒவ்வொரு சொத்தையும் பார்த்து மதிப்பிட ஆளும் காலமும் வேண்டும், சிறிய மன்றத்தில் மதிப்பீட்டு அதிகாரிகள் சிலரே இருப்பார்கள். ஆனால் சம்பளம் ஒவ்வோர் ஆண்டும் ஏறும் செலவு; ஊரோடு சேர்ந்து வளரும் வரவு அந்தப் பட்டியலைத் தவிர மன்றத்திடம் வேறு இல்லை.

இந்த முடிவை எடுப்பவர்கள் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கழகத் தலைவரையும், எட்டிலிருந்து இருபத்து நான்கு வரையிலான மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டன, 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு முடிவு கட்டியது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968-இல் முடித்த அறிக்கையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நிறைவேறவில்லை. அந்நிலையில் வரி கட்டுகிறவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாயில் 142-ஆம் பிரிவின் ஆட்சேபம். புதிய பட்டியலைத் திருத்துவதற்கென்று குறிக்கப்பட்ட நாளுக்குப் பதினான்கு நாளுக்குக் குறையாமல் முன்னதாக அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். தம் வீடு அதிகமாக மதிப்பிடப்பட்டது என்று மட்டுமே அதில் சொல்ல முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியலில் சேர்க்கப்பட வேண்டிய ஒரு சொத்து விடுபட்டிருக்கிறது என்றும், ஒரு சொத்து உரிய மதிப்புக்குக் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கிறது என்றும் ஆட்சேபிக்க அதே பிரிவு இடம் தருகிறது. குடியிருப்பாளர் சங்கங்கள் இந்த இரண்டாம் வகை ஆட்சேபத்தைக் கையில் எடுத்தால், பட்டியலில் பெரிய சொத்துகள் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கின்றன என்பது முதன்முறையாக வெளிப்படையான விவாதத்துக்கு வரும்.

அதற்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 55-ஆம் பிரிவின்படி, அடுத்த ஆண்டுக்கான வரவு செலவு மதிப்பீட்டை மன்றம் நவம்பர் முதல் வாரத்துக்குள், அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் நாளுக்குள், சிறப்புக் கூட்டத்தில் ஏற்க வேண்டும். நவம்பரில் எழுதும் கடிதம் முடிந்துபோன கணக்குக்கு எழுதும் கடிதம். ஆகஸ்ட் மாதத்தில், இரண்டாம் அரையாண்டு வரியைக் கட்டப் போகும் அதே நாளில், நம் பகுதி மன்ற உறுப்பினர் வழியாக நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுக்கலாம்: நடப்பிலுள்ள மதிப்பீட்டுப் பட்டியல் எந்த ஆண்டு நடப்புக்கு வந்தது; சம்பளத்துக்கும் ஓய்வூதியப் பங்களிப்புக்கும் சேர்த்து மொத்தச் செலவில் எத்தனை விழுக்காடு போகிறது; நிலுவையில் குடியிருப்பு வீடுகளின் பங்கு எவ்வளவு, வணிக, தொழிற்சாலைச் சொத்துகளின் பங்கு எவ்வளவு; துப்புரவுக் குத்தகைகள் எப்போது முடிவடைகின்றன, அடுத்த ஏல ஆவணத்தில் பழைய தொழிலாளர்களுக்கான நிபந்தனை இடம்பெறுமா.